காம்பு வைத்த காகிதப் பூ

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால், செய்முறைகளை மட்டும் கொஞ்சம் விரிவாக்கி எழுதியிருக்கிறேன்.)



நான் 1982 முதல் 2019 வரை வங்கியில் கிளார்க். அரியலூர், பெரம்பலூர் என்று இந்த இரண்டு ஊர்களையே சுற்றி வந்தவன். படித்தது பி.காம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவனுக்கு மைக் முன்னால் நிற்கக் கால் நடுங்குகிறது. எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அதனால் இன்று பேசப் போவதிலும் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு காகிதப் பூ. வாசலில் கொடியாகப் படர்ந்திருக்கிறதே, அந்தக் காகிதப்பூச் செடி இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடியில் சிவப்பாகவும் ஊதாவாகவும் தெரிவது இதழே இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைப் பூதான் அதன் பூ. பிரேசில் நாட்டிலிருந்து வந்த செடி. பூகேன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் ஆட்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, காகிதம் மாதிரி இருக்கிறதே என்று காகிதப்பூ என்றார்கள். நான் பேசப் போவது நிஜக் காகிதத்தில் நாமே கத்தரித்து ஒட்டும் பூவைப் பற்றி.

ரிட்டயர்டு ஆன ஒரு ஆள் எதற்குக் காகிதப் பூ செய்ய வேண்டும்? பி பிளாக் நண்பர் ஒருவர் லிஃப்ட்டில் கேட்டேவிட்டார்: "என்ன சார், வீட்டுல ஸ்கூல் பிராஜக்டா?" அவருக்கு அன்று சிரித்து வைத்தேன். இன்று பதில் சொல்கிறேன்.

அம்மா தட்டிய கதவுகள்

உங்களில் பலர் வீட்டுக் கதவை என் அம்மா தட்டியிருப்பார். சாயங்காலம் ஐந்து, ஐந்தரை மணிக்கு. "பூ வேணுமா தாயி?" என்று கேட்டிருப்பார். கையில் பூ இருக்காது. சிலர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தீர்கள், சிலர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தீர்கள். ஒன்றிரண்டு பேர் பயந்து கதவைச் சாத்தியும் இருக்கிறீர்கள். யாரையும் தப்பு சொல்ல மாட்டேன். தெரியாத ஒருவர் வந்து நின்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு வயது எண்பத்தாறு. மறதி நோய். மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறது. என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் சாயங்காலம் ஆனால் பூக்கூடையைத் தேட மட்டும் மறப்பதில்லை.

அரியலூர் பேருந்து நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் பூ விற்றவர் அவர். கனகாம்பரம், மல்லி, கதம்பம். மதியம் கட்டி, சாயங்காலம் விற்று, இரவு கடைசி வண்டி போன பிறகு வீட்டுக்கு வருவார். என் பி.காம் படிப்புக் கட்டணம் முழம் முழமாகச் சேர்ந்த காசு. அப்பா சீக்கிரம் போய்விட்டார். வங்கி வேலைக்கு நான் போன அன்றுதான் அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மாலை நேரத்தில் ஒரு தவிப்பு வரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 'சன்டவுனிங்' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பொழுது சாயும்போது, எங்கோ போக வேண்டும், ஏதோ வேலை பாக்கி என்று மனது பதறும். அம்மாவுக்குப் பாக்கி இருந்தது பூ வியாபாரம்.

போன ஆடி மாதம் ஒரு நாள், வீட்டுக்காரம்மா குளிக்கப் போன நேரம், நான் ஏ.டி.எம். போயிருந்த நேரம், அம்மா கேட்டைத் தாண்டி நடந்துவிட்டார். பாலக்கரை பக்கம் ஒரு ஆட்டோக்காரத் தம்பி பார்த்திருக்கிறார். "அரியலூர் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டாராம். கழுத்தில் நாங்கள் மாட்டியிருந்த அட்டையில் போன் நம்பர் இருந்ததால் தப்பித்தோம். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் கை சில்லென்று ஆகிறது.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். கதவைப் பூட்டலாம், பூட்டினோம். பூட்டினால் அம்மா அழுதார். தினமும் அரைக் கிலோ பூ வாங்கிக் கொடுத்தோம். கட்டினார், நன்றாகத்தான் கட்டினார். ஆனால் முகூர்த்த நாளில் கனகாம்பரம் விலை உங்களுக்கே தெரியும். மழை நாளில் பூவே வராது. பூ இல்லாத நாளில் தவிப்பு இரண்டு மடங்கு. அப்போதுதான் வெளியூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "காகிதத்துல செஞ்சு குடுங்கப்பா. கட்டறதுதானே ஆச்சிக்கு வேணும்?"

முதல் கணக்கு, முதல் தோல்வி

வங்கிக்காரன் கைக்குக் காகிதம் புதிதில்லை. ஸ்பான்ஜில் விரலை நனைத்து லட்சக்கணக்கில் நோட்டு எண்ணிய விரல் இது. 2001 வரை நூறு நோட்டுக்கு ஒரு கட்டு என்று பின் அடித்தோம். அந்த வருடம் ரிசர்வ் வங்கி பின் அடிக்காதே, காகிதப் பட்டை போடு என்றது. அதன் பிறகு பட்டையும் சுற்றினோம். ஆனால் எண்ணத் தெரிந்த கைக்கு வெட்டத் தெரியவில்லை.

கடையில் கிரேப் பேப்பர், டிஷ்யூ பேப்பர், சார்ட் எல்லாம் வாங்கினேன். ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பது பூ செய்தேன். ரோஜா, செவ்வந்தி, பெயர் தெரியாத பூ என்று கலந்து. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பெருமையாக அம்மா முன்னால் தட்டில் வைத்தேன்.

அம்மா ஒரு பூவை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, காம்பு இல்லாத பூவ எப்படிக் கட்றது?" என்றார்.

என் பெயர் அன்று அவருக்கு நினைவில்லை. காம்பு நினைவில் இருந்தது. பெயரும் தேதியும் போன பிறகும், கை பழகிய வேலை நெடுநாள் தங்கும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அன்று முதல் நான் மாணவன், அம்மா வாத்தியார். காம்பு நீளம் போதாது என்றால் தட்டிலிருந்து எடுத்துத் தள்ளி வைப்பார். காம்பு தளர்ந்தால் "வாடுன பூ" என்பார். எங்கள் வங்கி ஆடிட்டர்கூட அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை.

எந்தக் காகிதம் எதற்கு

இனி செய்ய விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

காகிதத்தைக் கிராம் கணக்கில் விற்பார்கள். 80 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. எண் கூடக்கூட விறைப்பு கூடும். மெல்லிய இதழுக்கு டிஷ்யூ, ரோஜாவுக்கு 80, இலைக்கும் அடித்தட்டுக்கும் சார்ட்.

இயந்திரத்தில் செய்த தாளுக்கு ஒரு ஓட்டம் உண்டு, மரத்துக்கு இருப்பது போல. ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், இன்னொரு பக்கமாகக் கிழித்தால் கோணும். நேராகக் கிழிவதுதான் ஓட்டத்தின் திசை. இதழைச் சுருட்டும்போது பென்சிலை அந்தத் திசையில் வைத்துச் சுருட்டினால் சுலபமாக வளையும். குறுக்கே வைத்தால் மடிந்து கோடு விழும். இது தெரியாமல் நான் வீணாக்கியது அரை ரீம். கிரேப் பேப்பர் ஒரு பக்கம்தான் இழுபடும். இதழின் அகலவாட்டில் இழுபடுகிற மாதிரி வெட்டிக்கொண்டு, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கிண்ணம் போல் குழியும்.

காசு போட்டு வாங்குவதற்கு முன் வீட்டைத் தேடுங்கள். நம் எல்லார் வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு இருக்கும். அதைவிட நல்ல சார்ட் கடையில் கிடைக்காது. தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறதே, கிழித்துக் குப்பையில் போடுகிறோமே, அது டிஷ்யூவுக்குத் தம்பி. வருடத்துக்கு 365 தாள் சும்மா கிடைக்கிறது. காம்புக்கு ஈர்க்குச்சி, அதுவும் விளக்குமாற்றில் இருக்கிறது.

நாள்பட வைத்திருக்க வேண்டிய பூவுக்கு மட்டும் கைக்காகிதம் வாங்குங்கள். அது பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்வது. செய்தித்தாள் ஏன் சீக்கிரம் மஞ்சளாகிறது தெரியுமா? அதில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் பழுக்கும். பருத்தியில் அது இல்லாததால் வெண்மை நிற்கும். நான் வாழ்நாள் முழுக்க எண்ணிய ரூபாய் நோட்டும் பருத்தித் தாள்தான். நம் பெரம்பலூர் கரிசல் காட்டில் பருத்தி விளைவதைப் பார்த்துக்கொண்டே நோட்டு எண்ணியிருக்கிறேன், இரண்டும் ஒரே சரக்கு என்று ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் நடக்கிறது. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் உள்ள தேசிய கைக்காகித நிறுவனத்துக்கு யார் பெயர் தெரியுமா? குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். காமர்ஸ் படித்தவனுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் அவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

மூன்று பூக்கள்

செவ்வந்தி. ஏ4 தாளை நீளவாட்டில் 3 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். அகலம் 21 என்பதால் சரியாக ஏழு பட்டை வரும், துண்டு மிஞ்சாது. பட்டையின் ஒரு ஓரத்தில் 1 சென்டிமீட்டர் விட்டுவிட்டு மீதி 2 சென்டிமீட்டரைச் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக வெட்டிக்கொண்டே போங்கள். பல் மெல்லியதாக இருந்தால்தான் அழகு. ஈர்க்குச்சி முனையில் பசை தொட்டு, வெட்டாத ஓரத்தை இறுக்கமாகச் சுற்றுங்கள். முடிவில் ஒட்டிவிட்டுப் பல்லை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பூ விரியும். நடுவில் மொட்டு மாதிரி வேண்டுமென்றால் முதல் ஒரு சாண் தூரம் பல்லைக் குட்டையாகக் கத்தரித்துவிடுங்கள்.

ரோஜா. வட்டமாக ஒரு தாள் வெட்டி, அதை வெளியிலிருந்து உள்ளே முறுக்கு சுற்றுகிற மாதிரி, ஒரு விரல் அகலத்தில் சுருளாக வெட்டுங்கள். நடுவில் பத்து ரூபாய் நாணயம் அளவு வட்டம் மிஞ்சட்டும். வெளி நுனியிலிருந்து சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் அந்த வட்டம் அடித்தட்டாக நிற்கும், அதில் பசை வைத்து ஒட்டுங்கள். இங்கே ஒரு கணக்கு. வட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் ஏ4 தாளில் நேர் வரிசையாக நான்கு வட்டம்தான் வரும். 9.9 சென்டிமீட்டர் என்றால் ஆறு வரும், ஏனென்றால் தாளின் நீளம் 29.7. ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் இரண்டு பூ லாபம். பூவைப் பார்த்து யாரும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க முடியாது.

கனகாம்பரம். இது அம்மா சொல்லிக்கொடுத்தது, ஆகவே இதில் சமரசம் கிடையாது. 4 சென்டிமீட்டர் உயரம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் காவி நிற மெல்லிய தாள். மேல் பாதியை விசிறி மாதிரி ஐந்து மடலாகக் கத்தரியுங்கள். கீழ்ப் பாதியில் பசையை லேசாகத் தடவி, விளக்குத் திரி உருட்டுகிற மாதிரி விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். அதுதான் காம்பு. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, காய்ந்த பிறகு விறைப்பாக நிற்க வேண்டும். நிஜக் கனகாம்பரத்திலும் மடல் ஒரே பக்கமாகத்தான் விரிந்திருக்கும், கவனித்துப் பாருங்கள். இப்போது இரண்டு இரண்டாக எதிரெதிரே வைத்து நூலில் முடிச்சுப் போட்டால் சரம் நிற்கும்.

எங்கள் வீட்டில் மதியம் நானும் வீட்டுக்காரம்மாவும் பூ உருட்டுவோம். நாலரை மணிக்கு அம்மா கட்ட உட்காருவார். ஒரு மணி நேரத்தில் இரண்டு முழம். முழம் போடும்போது கையை நீட்டி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளப்பார், ஒரு விரற்கடை கூடவே விடுவார். "கொசுறு குடுக்கலன்னா நாளைக்கு வர மாட்டாங்க" என்பார். அவர் தூங்கிய பிறகு நாங்கள் சரத்தை அவிழ்த்துப் பூவைத் தட்டில் போட்டுவைப்போம். மறுநாள் அதையே கட்டுவார். இது ஏமாற்று வேலையா என்று நான் ரொம்ப நாள் குழம்பினேன். காகிதம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமில்ல, ஆனா வாடாது" என்று அவரே சொல்லிவிட்டார். அதோடு என் குழப்பம் தீர்ந்தது.

நான் செய்த தப்புகள்

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அம்மா சிவப்புக் கிரேப் பூ ஒன்றை வாயில் வைத்துவிட்டார். உதடெல்லாம் ரத்தம் மாதிரி. அலறிவிட்டோம். சாயம்தான். கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு கடைச் சாயக் காகிதம் அம்மா கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. இப்போது வெள்ளை டிஷ்யூ வாங்கி நாங்களே நிறம் ஏற்றுகிறோம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் செவ்வந்தி நிறம். அதில் ஊசி முனையளவு வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி மாதிரி சிவக்கத் தொடங்கும், அந்தத் தொடக்கத்தில் நிறுத்தினால் கனகாம்பர நிறம். பீட்ரூட் சாறு ரோஜா நிறம். காபி டிகாக்ஷன் காய்ந்த இலை நிறம். நிழலில் உலர்த்துங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும், ஜன்னலோரம் வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் இதுதான் பத்திரம்.

இரண்டாவது தப்பு இன்னும் வலிப்பது. அம்மாவுக்காக ஒரு ஸ்கிராப் புக் செய்தேன். பழைய படங்கள், பக்கத்துக்குப் பக்கம் காகிதப் பூ. அப்பாவின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். அதன் ஓரத்தில் சிவப்புக் கிரேப் ரோஜாவைப் பசை ஈரத்தோடு ஒட்டி, புத்தகத்தை மூடி, மேலே பாரமும் வைத்தேன். மறுநாள் திறந்தால் சாயம் ஊறி அப்பாவின் தோள் சிவப்பாகிவிட்டது. முகம் தப்பியது. முப்பத்தேழு வருடம் ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு முடித்தவன், வீட்டின் ஒரே படத்தைக் காப்பாற்றத் தெரியாமல் போனேன்.

அதனால் கேளுங்கள். மூலப் படத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள். நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். பூவைத் தனியே செய்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே பக்கத்தில் வையுங்கள். பெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை ஈர்க்குச்சி நுனியால் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும், பூசினால் மெல்லிய தாள் சுருங்கும். மைதாப் பசை வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பழைய லெட்ஜர் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாவில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில் வேண்டவே வேண்டாம்.

புத்தகத்தில் உருண்டையான பூவை வைத்தால் மூடாது. தட்டையான பூதான் சரி. ஒரே வடிவத்தில் பெரிது, நடு, சிறிது என மூன்று அளவில் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக நடுப்புள்ளியில் மட்டும் ஒட்டி, விளிம்பை லேசாகத் தூக்கிவிடுங்கள். முதுகுப் பக்கம் இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு அட்டைப் பட்டை வைத்துத் தைத்தால் பூவுக்கு இடம் கிடைக்கும்.

அம்மாவின் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம் படங்கள் உள்ள பக்கம் இல்லை. எங்கள் அரியலூர் வீட்டுக்கு வந்த பழைய உறைகளை வரிசையாக ஒட்டியிருக்கிறேன். 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அரியலூர் மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் இருந்து மறுபடி அரியலூர். வீடு நகரவே இல்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. அம்மா அந்தப் பக்கத்தைத் தடவி, "தபால்காரர் வந்தாரா?" என்பார்.

இன்னொரு பக்கத்தில் வெறும் ஒரு வெள்ளைச் செவ்வந்தி மட்டும். அது 1956 நவம்பர் 23. மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நாள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காகத்தான். அம்மாவுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. அந்த மழைச் சத்தத்தை மட்டும் இன்னும் சொல்வார். படம் ஒட்டத் தோன்றவில்லை, பூவோடு விட்டுவிட்டேன்.

நமக்கு முன்னால் செய்தவர்கள்

காகிதம் மலிவாவதற்கு முன்பே நம் பக்கத்தில் வாடாத பூ இருந்தது. குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டை மெல்லிசாகச் சீவி, பூவும் மாலையும் செய்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை போட்டதை இங்கே பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே நேரத்தில் நம் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கும் கிடைத்தது. நம் ஊர்க் கைகளுக்கு இது புதிதில்லை.

வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். மேரி டெலானி, இங்கிலாந்துக்காரர், 1700-ல் பிறந்தவர். இரண்டாவது கணவரையும் இழந்த பிறகு, எழுபத்திரண்டாவது வயதில், வண்ணக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கறுப்புத் தாளில் பூக்களாக ஒட்டத் தொடங்கினார். கண் பார்வை மங்கும் வரை ஏறக்குறைய பத்து வருடத்தில் 985 பூக்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. தாவரவியல் படிப்பவர்களும் மெச்சும் அளவுக்கு மகரந்தக் காம்பு வரை வெட்டியிருக்கிறார். அவரோடு ஒப்பிட்டால் இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் பலர் சின்னப் பிள்ளைகள்.

என் வேண்டுகோள்

மூன்று விஷயம் கேட்டுவிட்டு மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று. ஒவ்வொரு விழாவுக்கும் நாம் பிளாஸ்டிக் பூத்தோரணமும் தெர்மாகோல் எழுத்தும் வாங்கி, மறுநாள் குப்பையில் போடுகிறோம். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலையிலேயே நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. அடுத்த விழாத் தோரணத்தை நாமே காகிதத்தில் செய்வோம். சாமிக்கு நிஜப் பூ, வாசலுக்குக் காகிதப் பூ.

இரண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கக் கூடத்தில் உட்காருவோம். பழைய பத்திரிகை, காலண்டர் தாள் கொண்டு வாருங்கள், கத்தரியும் பசையும் என் பொறுப்பு. பிள்ளைகள் வரட்டும், வீட்டுப் பெரியவர்களை அவசியம் கூட்டி வாருங்கள். கை வராதவர்கள் வெறுமனே தாளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் போதும். கத்தரி பிள்ளைகள் கையில் வட்ட முனையுள்ளதாக இருக்கட்டும். கட்டச் சொல்லிக்கொடுக்க என் அம்மா வருவார். அவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஞாபகம் இருக்காது, கட்டிக் காட்டுவார். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று. இது என் அம்மாவுக்காக மட்டும் இல்லை. நம் குடியிருப்பில் இதே நிலையில் இன்னும் இரண்டு மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சொல்லுங்கள். கழுத்தில் போன் நம்பர் அட்டை மாட்டுங்கள். வாட்ச்மேன் தம்பியிடம் படம் கொடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் இல்லை, போனில் பதிந்துவையுங்கள். உங்கள் கதவை ஒரு வயதானவர் தட்டினால், "யாரு நீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, பயந்துவிடுவார்கள். "வாங்க ஆச்சி, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள். அவ்வளவு போதும்.

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அம்மா. மடியில் இருப்பது நேற்று கட்டிய கனகாம்பரம், மொத்தம் பதினோரு முழம். அவிழ்க்காமல் உங்களுக்காகவே வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போங்கள். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், ஒரு ரூபாய் கொடுங்கள், சந்தோஷப்படுவார். கொசுறும் கேளுங்கள்.